ஆமை வாரம்

திரி அணைந்துவிட்டது. புருஷோத்தமனின் கட்டைவிரல் சீட்டின் மேல் இறங்க ஒரு நெல்மணி அகலம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் "உங்கள் முறை முடிந்தது" என்று போன் சொல்லிவிட்டது. சொன்ன விதத்தில் கொஞ்சம்கூட மரியாதை இல்லை.

"ஏழு கோட்டை" என்ற அந்தச் சீட்டு விளையாட்டை வைத்திக்குப்பத்தில் ஆடாத ஆம்பளை இல்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் வலைக் கொட்டகையில் கிடப்பார்கள். ஒரு கை வலையைப் பிடித்திருக்கும், மறு கை போனைத் தடவிக்கொண்டிருக்கும். ஆட்டம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஏழு கோட்டை. படகுச் சீட்டைப் போட்டு எதிராளியின் கோட்டைகளை இடிக்க வேண்டும், மதில் சீட்டைப் போட்டு நம்முடையதைக் காக்க வேண்டும். விட்ட படகு வெளியேயே நிற்கும், அடுத்த முறையிலிருந்து முறைக்கு ஒரு கோட்டையாக இடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில் ஒரு விளக்குத் திரி எரியத் தொடங்கும். அது எரிந்து தீர்வதற்குள் சீட்டைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் முறை எதிராளிக்குப் போய்விடும்.

போன வருஷம் வரை திரி பற்றுவதற்குள்ளேயே போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொள்கிற ஆள்தான் புருஷோத்தமன். ஐப்பசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார், எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் திரும்பி வந்தது. வலது கையும் வந்தது, கொஞ்சம் சோம்பேறியாக. பேச்சு மட்டும் வருகிற வழியில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது.

"புத்திக்கு ஒண்ணும் ஆகலைம்மா. சொல்ல வேண்டியது எல்லாம் உள்ளேயே இருக்கு, வெளியே வர நேரமாகும். அவசரப்படுத்தாம விடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. கூட ஆள் இருந்தா தாராளமா வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் அவர் மனைவி ஜெயசித்ராவிடம் சொன்னார். ஜெயசித்ரா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்த அன்றே அவசரப்படுத்த ஆரம்பித்தாள்.

பாசத்தில்தான். அவர் "த…" என்று தொடங்கினால் போதும், "தண்ணியா? தலைவலியா? தலகாணி வேணுமா?" என்று வரிசையாக எடுத்து நீட்டுவாள். அவர் கேட்க நினைத்தது தடைக்காலம் என்றைக்கு முடிகிறது என்பது. கடைசியில் தலையணையை வாங்கிக்கொண்டு பேசாமல் படுப்பார். எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்தும் அதே கதைதான். முதல் எழுத்து பேனாவுக்கு வரும், இரண்டாவது கூடையிலிருந்து துள்ளிய இறாலைப் போல எங்கேயோ போய்விடும்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது கொட்டகையில் நடந்தது.

மீனை ஏலம் விடும்போது "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவுவது எல்லாக் கரையிலும் உண்டு. புருஷோத்தமன் டிரைவராகச் சுக்கான் பிடித்த படகு சுப்பராயனுடையது. அவர் கொட்டகையில் படகுப் பேச்சுக்கும் அதே சட்டம். யாருக்கு என்ன வேலை, எந்த வலை, எந்த எஞ்சின், எதுவானாலும் சொல்லிவிட்டு மூன்று தரம் கூப்பிடுவார்கள். மறுப்பு இருக்கிறவன் அதற்குள் வாயைத் திறந்து "உண்டு" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. ஈ ஓட்டத் தலையை அசைத்தவன் மேல் ஒரு கூடை மீனைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் சண்டை போட்ட அனுபவம் இருக்கிறவர்கள் அவர்கள். வாய்ச்சொல்தான் கணக்கு. மூன்றாம் தரத்தில் தரையில் ஒரு அடி விழுந்தால் பேச்சு முடிந்தது. அப்புறம் அதைத் திரும்பத் திறக்க முடியாது. அந்தப் பேச்சால் ஆதாயம் அடைந்தவனே முன்வந்து திறந்தால்தான் உண்டு. அப்படித் திறந்த ஏமாளியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

தடைக்காலம் தொடங்கின வாரத்தில் சுப்பராயன் ஆட்களைக் கூட்டினார். ஜெயசித்ராவுக்கு அவர் பெரியப்பா முறை. நல்ல மனுஷர், பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"டிரைவர்னா கத்தணும்பா. வலைய வுடு, இழு, கயிறு சுத்துது நிறுத்துன்னு எஞ்சின் சத்தத்த மீறிக் கத்தணும். புருசோத்தால இப்ப அது முடியல. நான் பொய்யா சொல்றேன்? அதனால இந்த வாட்டி சுக்கான் முத்துவேலு கையில. மறுப்பு இருக்கறவங்க சொல்லுங்க. ஒரு தரம்."

புருஷோத்தமனுக்குள் "உண்டு" எழுந்து நின்றது.

"ரெண்டு தரம்."

தொண்டை வரை வந்தது. அவர் தலையை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டினார். பக்கத்திலிருந்தவன் நடுக்கம் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு தரம்."

"உ…" என்று உதடு குவிந்தபோது சுப்பராயனின் உள்ளங்கை தரையில் விழுந்தது. டீ வந்தது. மூன்றே எழுத்து. அதில் ஒன்றை மட்டும் சொல்லி, அந்தப் படகில் தன் இடத்தைப் பறிகொடுத்துவிட்டு அவர் டீயைக் குடித்தார். அந்த டீயின் கசப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

முத்துவேல் ஜெயசித்ராவின் தம்பி. கெட்டவன் இல்லை. எதிலும் அவசரம், வாய் மட்டும் பெரியது. அவன் கரையில் இருமினால் கடலில் போகிற படகில் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "மாமா, உனுக்கு சம்மதம்தான? மனசுல ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் அக்கா வைத்த சங்கரா மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஜெயசித்ராவுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அதை அவள் மறைக்கவும் இல்லை. "கடல்ல வுழுந்தா ஒரு குரல் குடுக்க வாய் வருமா உங்களுக்கு? நீங்க கரையில இருங்க, நான் மீன் வித்து சோறு போடறேன்" என்றாள். அவள் பயம் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது. உள்ளே முழு மனுஷனாக இருந்துகொண்டு, வெளியே பாதி ஆளாக நடத்தப்படுவது அவருக்குச் சாவை விட மோசமாக இருந்தது. முத்துவேலே அந்தப் பேச்சைத் திறக்க வேண்டும். திறக்க வைத்தே தீருவது என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தடைக்காலம் முடியப் போகிற சமயத்தில் ஒரு காலை போனைத் திறந்தார். திரை முழுக்க ஒரு ஆமை. "ஆமை வாரம்! இந்த ஒரு வாரம் மட்டும், திரி இல்லாத ஏழு கோட்டை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசியுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆமை போய்விடும். முடியாத ஆட்டம் செல்லாது."

அவர் நம்பவில்லை. ஒரு ஆட்டத்தைத் தொடங்கி மூலையைப் பார்த்தார். திரி இருந்த இடத்தில் ஆமைக் குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சீட்டைப் போடாமல் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஆமை இன்னும் தூங்கியது, முறை அவருடையதாகவே இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இந்த உலகத்தில் அவருக்காகக் காத்திருந்தது அந்த ஆமைதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தார். முதலில் வலைக்காரக் கோபிநாத்தை அடித்தார். அப்புறம் எஞ்சின் பார்க்கிறவனை. எஞ்சின் பார்க்கிறவனுடைய தம்பியை அரை நாள் காயவிட்டு அடித்தார். ஜெயித்தவர் பேருக்குப் பக்கத்தில் விளையாட்டு ஒரு ஆமை ஓட்டைக் குத்தும். புருஷோத்தமன் பேருக்குப் பக்கத்தில் ஓடுகள் சேர்ந்துகொண்டே போயின. கொட்டகையில் அதுதான் பேச்சு. ஆனால் பேச்சு அவர் நினைத்த பக்கம் போகவில்லை.

கோபிநாத் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். "ஜெயாக்கா, அண்ணன் பேர்ல நீதான ஆடற? சும்மா சொல்லு, நான் யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்."

புருஷோத்தமன் அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், போன் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவன் ஜெயசித்ராவைத்தான் கேட்டான். அவருக்குச் சுரீர் என்றது. செருப்பை மாட்டினார். ஜெயசித்ரா "எங்க? எங்க போறீங்க? கடைக்கா? நான் வாங்கியாறேன்" என்று பின்னாலேயே வந்தாள். அவர் நிற்கவில்லை. கருங்கல் கொட்டிய கரையை ஒட்டி நடந்து நேராகக் கொட்டகைக்குப் போனார். மூன்று தரம் நடந்த நாளுக்கு அப்புறம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

உள்ளே முத்துவேல் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தான். புருஷோத்தமன் அவன் எதிரே வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து போனை நீட்டினார். திரையில் அவன் பேரைத் தேடி வைத்திருந்தார்.

"இன்னா மாமா, என் கூடயா?" முத்துவேல் சிரித்தான். "அக்கா ஆடுது, நீ பேர் வாங்கறன்னு ஊரே சொல்லுது. சரி, இங்கயே ஒக்காந்து எல்லாரு எதிர்லயும் ஆடு. ஜெயிச்சா நீ இன்னா கேட்டாலும் செய்யறேன், போதுமா?"

சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அவன் குரலுக்கு விளையாட்டாகச் சொல்லத் தெரியாது. கொட்டகை முழுக்கக் கேட்டது. ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்த சுப்பராயனும் கண்ணைத் திறந்தார்.

புருஷோத்தமன் ஒரு முறை தலையை ஆட்டினார்.

முதல் நாள் பெரிய கூத்து. முத்துவேல் தன் முறை வந்ததும் பட்டென்று ஒரு படகைப் போடுவான். புருஷோத்தமன் பார்ப்பார். ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு, பெரிதாக்கி, திரும்ப வைப்பார். "போடு மாமா!" "யோவ் அண்ணே, போடுய்யா, மழ வந்துடும்!" என்று நாலு பக்கமும் கூச்சல். கோபிநாத் டீக்கடைக்குப் போய், அங்கே கதை பேசி, டீயோடு திரும்பி வரும்போதும் அவர் அதே சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கட்டைவிரல் இறங்கும். ஒரு மதில். அடுத்த நொடியில் முத்துவேலின் படகு.

மறுநாள் கூச்சல் குறைந்தது. கத்திக் கத்தி வாய் வலித்ததுதான் மிச்சம், ஆமை அசைவதாக இல்லை. ஆட்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே நடுநடுவே எட்டிப் பார்த்தார்கள். அதற்கும் மறுநாள் யாரும் "போடு" என்று சொல்லவே இல்லை. அந்தக் கொட்டகைக்குக் காத்திருக்கிற பழக்கம் வந்துவிட்டது. அது எப்படிப்பட்ட பழக்கம் என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. புருஷோத்தமன் கிழிந்த வலைக்கண் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கோபிநாத்தைப் பார்த்து "ஊ…" என்றார். கோபிநாத் வேறு யோசனை இல்லாமல் சும்மா அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். "ஊ… சி" என்று முடித்தார். அவன் ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. புருஷோத்தமன் அந்த ஊசியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஆட்டம் மட்டும் அவருக்குச் சாதகமாக இல்லை. முத்துவேல் படகு மேல் படகாக வெளியே விட்டு இடித்துக்கொண்டே வந்தான். வெள்ளிக்கிழமை ஜெயசித்ரா சோற்றுத் தூக்கோடு வந்தபோது அவருக்கு இரண்டு கோட்டைதான் மிச்சம். அவளுக்கும் அந்த விளையாட்டு தெரியும். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள் பதறிப்போனாள்.

"ஐயோ, மதிலு இருக்குதுங்களே, மதிலப் போடுங்க! இதான், இந்தச் சீட்டு…"

அவள் விரல் திரையை நோக்கிப் போனது. தொடுவதற்குள் புருஷோத்தமன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சோம்பேறி வலது கையால் பிடித்தார். இறுக்கமாகப் பிடித்தார்.

"இது…" என்றார். ஜெயசித்ராவின் வாயில் அடுத்த சொல் தயாராக இருந்தது. ஆனால் கை வலித்ததால் அவள் கையைத்தான் பார்த்தாள், சொல்லவில்லை. "…என்…" கொட்டகையில் யாரும் அசையவில்லை. "…னுது."

அவள் முகம் சிவந்தது. இத்தனை பேர் எதிரில் கையைப் பிடித்துவிட்டாரே என்று முதலில் கோபம். அப்புறம் வேறு ஒன்று புரிந்தது. வீட்டுக்கு வந்த இத்தனை மாதத்தில் அவர் தொடங்கிய ஒரு வாக்கியத்தைக்கூடத் தான் அவரிடம் விட்டுவைக்கவில்லை. தண்ணியா தலகாணியா என்று தான் நீட்டியதெல்லாம் அவர் வாயில் திணித்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"சரி. ஆடுங்க. சோறு ஆறினா ஆறட்டும்."

அவர் மதிலைப் போடவில்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு சிறு சீட்டைப் போட்டார். அடுத்த நொடியில் முத்துவேலின் படகு இன்னொரு கோட்டையை இடித்தது. ஜெயசித்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே கோட்டை.

"முடிஞ்சிது மாமா" என்று முத்துவேல் கையில் மிச்சமிருந்த கடைசிப் படகையும் வெளியே விட்டான்.

அதற்குத்தான் புருஷோத்தமன் இந்த வாரம் முழுக்கக் காத்திருந்தார். அவர் கையில் முதல் நாளிலிருந்தே "வாடைக் காற்று" இருந்தது. எதிராளி வெளியே விட்டிருக்கிற படகுகள் எல்லாவற்றையும் மூழ்கடிக்கிற சீட்டு, ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான். திரி எரிகிற ஆட்டத்தில் பயந்துபோய் எல்லோரும் அதை முன்னாலேயே போட்டு வீணடிப்பார்கள். இங்கே திரி இல்லை. படகு ஒன்றுகூடக் கையில் மிச்சமில்லாமல் அவன் விடுகிறவரை ஒவ்வொரு கோட்டையாக இடிபடக் கொடுத்து அவர் காத்திருந்தார். இப்போது சாவகாசமாகச் சோற்றுத் தூக்கைத் திறந்து, ஒரு வாய் சாப்பிட்டு, கையைத் துடைத்து, காற்றைப் போட்டார்.

திரையில் முத்துவேலின் படகுகள் எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்தன. கொட்டகையில் எழுந்த கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து வெளியே ஓடியது.

அதற்கப்புறம் ஆட்டம் அவர் நடையில் நடந்தது. சனிக்கிழமை போனது, ஞாயிறு வந்தது. முத்துவேலிடம் படகும் இல்லை, மதிலும் இல்லை. புருஷோத்தமன் ஒன்று ஒன்றாக இடித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் முத்துவேலுக்கும் ஒரே கோட்டை. முறை அவனுடையது. எதைப் போட்டாலும் அடுத்த அடியில் விழும். அது அவனுக்கும் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து எவனோ சொன்னான். "முத்து, போடாத. ஆறு ஆனா ஆமை போயிடும், ஆட்டம் செல்லாது. சும்மா ஒக்காந்திரு."

முத்துவேல் போனை மடியில் வைத்துக்கொண்டான். இந்த வாரத்தில் முதல் முறையாக அவன் அவசரப்படவில்லை. வெளியே கரையைப் பார்த்தான். காதை நோண்டினான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

காத்திருந்து ஜெயித்தவரைக் காக்க வைத்தே தோற்கடிக்கப் பார்க்கிறான். இன்று ஆமை போனால் நாளைக்குத் திரி வந்துவிடும். திரி வந்தால் அவர் பழையபடி தலையணை வாங்கிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். அதை நினைத்ததும் அவருக்கு வெறி ஏறியது. வலது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார்.

"ஒ…" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். பழக்கத்தில் காத்திருந்தார்கள்.

"ஒரு… த… ரம்."

சுப்பராயன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வாசலில் நின்றிருந்த ஜெயசித்ரா தூணைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய விரலோடு இரண்டாவது விரலும் எழுந்தது. சொல் தொண்டையில் சிக்கியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்த்தது. ஒருவனும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ரெண்… டு… தரம்."

இனி மூன்றாவது. அதைச் சொல்லிவிட்டால் வாய் திறக்காதவன் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு, கொட்டகைச் சட்டம் அது. புருஷோத்தமன் சொல்லவில்லை. விரல்களை மடக்கி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முத்துவேலின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிற மாதிரி உட்கார்ந்தார்.

முத்துவேல் முதலில் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மாமாவின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இரண்டு சொல்லுக்கு அந்த மனுஷன் பட்ட பாட்டை அவன் கண்ணால் பார்த்தான்.

"அன்னிக்கு மூணாவதுக்கு முன்னாடி உனுக்காக நாங்க யாருமே இப்பிடி நிறுத்தலயே, மாமா" என்றான். அவன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. "நீ தலைய ஆட்டின. நான் பாத்தேன். நடுக்கம்னுதான் நானும் நெனச்சேன்… நெனச்சிக்கினேன்."

போனை எடுத்து ஒரு சீட்டைப் போட்டான்.

ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சமே இருந்தது. புருஷோத்தமனின் கட்டைவிரல் கடைசிப் படகை நோக்கி இறங்கியது. நடுங்கியது, நின்றது, திரும்ப இறங்கியது. ஜெயசித்ரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் தொட்டது. கோட்டை விழுந்தது. அவர் பேருக்குப் பக்கத்தில் இன்னொரு ஓடு வந்து உட்கார்ந்தது. கொட்டகை கத்தி ஓய்வதற்குள் திரை மாறி, ஆமை போய், மூலையில் பழைய திரி வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"கேளு மாமா. இன்னா வேணும்?"

"பேச்சு…" அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "தொற."

முத்துவேல் எழுந்து நின்றான். "பெரியப்பா, சுக்கான் பேச்ச நான் தொறக்கறேன். ஆதாயம் எனுக்குத்தான், அதனால நான் தொறக்கலாம். திரும்பக் கூப்புடு."

சுப்பராயன் அவனைப் பார்த்தார், புருஷோத்தமனைப் பார்த்தார். கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "சுக்கான் முத்துவேலு கையில. மறுப்பு இருக்கறவங்க சொல்லுங்க. ஒரு தரம்."

காத்திருந்தார்.

"ரெண்டு தரம்."

உள்ளங்கையை அடிக்கத் தூக்கினார். தூக்கின கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். "மூணு" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. எழுந்து நின்ற சொல் புருஷோத்தமனின் தொண்டைக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது. "உ…" ஜெயசித்ராவின் நாக்கு நுனியில் மிச்ச எழுத்து இரண்டும் இருந்தன. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

"உ… ண்டு."

"இன்னா மறுப்பு? மெதுவாவே சொல்லு. ஒக்காந்துதான இருக்கோம்."

"சுக்கான்… நா." அவர் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு முத்துவேலைக் காட்டினார். "சத்தம்… அவன்."

கோபிநாத் வாய்விட்டுச் சிரித்தான், கொட்டகையே சிரித்தது. "கத்தறதுதான? அதுக்கின்னா, பக்கத்துலயே நின்னு கத்தறேன்!" என்று முத்துவேல் போட்ட போட்டில் கூரை மேலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

சுப்பராயன் கையை இன்னும் இறக்கவில்லை. "புருசோத்து சுக்கான புடிப்பான், முத்து கூட நின்னு சத்தம் குடுப்பான். மறுப்பு இருக்கறவங்க சொல்லுங்க" என்றவர், வாசல் பக்கம் திரும்பினார். படகுப் பேச்சில் பெண்களைக் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. அன்றைக்கு அவர் கேட்டார். "ஜெயா, உனுக்கு எதுனா உண்டா? ஒரு தரம்."

அவளுக்கு எவ்வளவோ இருந்தது. அலை இருந்தது, இருட்டு இருந்தது, கூப்பிட வாய் வராத புருஷன் இருந்தான். அவள் புருஷோத்தமனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மணிக்கட்டில் அந்தப் பிடி வலித்த இடம் அவளுக்கு நினைவு வந்தது.

"ரெண்டு தரம்" என்றார் சுப்பராயன். மூன்றாவதைச் சொல்லாமல் அவளுக்காகவும் காத்திருந்தார். தூக்கின கை லேசாக நடுங்க ஆரம்பித்தது.

"தரையில அடிச்சி எறக்குங்க பெரியப்பா" என்றாள் ஜெயசித்ரா. "கை வலிக்கப் போவுது."